குருத்தில் ஒரு கோடு

பதினோரு வருடம்
நான்காம் மாடிப் பால்கனியில்,
மீன் உப்பிட்ட நீலப் பீப்பாயை அறுத்த பாதிக்குள்
இருந்தது என் பூட்டியாப் பனை.
பத்தூமித் துறைமுகத்தில் பகலெல்லாம் முத்திரை குத்திவிட்டு வந்து
கெட்டிலில் ஆறிய தண்ணீரை ஊற்றுவேன்.
குழாய்நீரின் சுண்ணாம்பு ஆகாது
என்று யாரோ சொன்னார்கள்.
யாரென்று நினைவில்லை,
வழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

மகிஞ்சௌரிச் சரிவில் இந்த வீட்டை வாங்கியபோது
கூரை ஒழுகியது.
நான் முதலில் பார்த்தது கூரையை அல்ல.
மாண்டரின் மரங்களுக்கும் வேலிக்கும் நடுவே
தண்ணீர் தேங்காத, வாடை தொடாத
ஒன்றரை மீட்டர்.

அப்போது அக்டோபர்.
மண் வெதுவெதுப்பானால்தான்
பனையின் வேர் கண்விழிக்கும்.
மே வரை பீப்பாய் முற்றத்திலேயே கிடந்தது,
தீர்வை கட்டாத சரக்குபோல.

வேலிக்கு அப்பால் ஜும்பெர்
கத்தரிக்கோலும் கையுமாய்க் கணக்குப் போட்டார்:
"இருபது வருடத்தில் இது
என் ஜன்னலில் இருக்கிற கடலை மறைத்துவிடும்."
"இருபது வருடத்தில் நமக்கு எண்பத்து மூன்று வயது."
"அப்போதுதானே எனக்குக்
கடல் பார்க்க நேரம் கிடைக்கும், நஸிப்ரோலா?"

ஆனாலும் கடப்பாரையோடு வந்தது அவர்தான்.
சாய்த்தோம், உருட்டினோம், தட்டினோம்,
அசையவில்லை.
பீப்பாயை ரம்பத்தால் பிளந்தபோது
உள்ளே மண்ணே இல்லை.
வேர்,
வேர்மேல் வேர்,
பீப்பாயின் வளைவை
மனப்பாடம் செய்துவைத்திருந்தது.
ஜும்பெர் கத்தியை எடுத்தார்.
கையைப் பிடித்துக்கொண்டேன்.
ஆப்பிளா இது, வெட்ட வெட்டத் துளிர்க்க?
அடியில் சுருண்டதை மட்டும்
ஈரமுடியில் சிக்கெடுப்பதுபோல்
விரலால் பிரித்துவிட்டேன்.

பீப்பாயில் எவ்வளவு ஆழமோ
தரையிலும் அவ்வளவே,
ஒரு விரற்கடை கூடாது.
ஜும்பெர் சுற்றிலும் மண்ணை மிதித்தார்,
தனக்கெதிரான சாட்சிக்கு
நாற்காலி போடுபவர்போல.

ஜனவரியில் ஓர் இரவு
கடல் பக்கமிருந்து பனி கொட்டியது.
ஈரப்பனி, கிளை முறிக்கும் கனம்.
மட்டைகளை மேலே வாரிப்
பழைய சால்வையால் கட்டியிருந்தேன்.
காலையில் மாண்டரின்மேல் பனி,
வேலிமேல் பனி,
பனைமேல் இல்லை.
வேலியிலிருந்து தூர்வரை ரப்பர் பூட்ஸ் தடம்,
போகவும் வரவும்.
நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.
ஒரு குப்பி சாச்சாவை வேலிக்காலில் வைத்தேன்.
மாலையில் அது அங்கே இல்லை.

மார்ச்சில் குருத்தைத் தொட்டேன்.
கையோடு வந்துவிட்டது.
அடிப்பக்கம் பழுப்பாய், கொழகொழவென்று,
ஊறவைத்து மறந்த பீன்ஸின் வாடை.
பதினோரு வருடம், இரண்டு விரலிடுக்கில்.

மருந்துக்கடையில் பெராக்சைடு கேட்டேன்.
"காயம் எங்கே?" என்றாள் கடைக்காரி.
"நடுவில்."
குருத்திருந்த ஓட்டையில் ஊற்றினால் நுரைத்தது.
துடைத்து மறுபடி ஊற்றினேன்.
மழை இறங்காமல்
ஓர் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்தேன்.
ஏப்ரல்: ஒன்றுமில்லை.
மே: கூரைக்கு ஆள் வந்தது, ஒழுக்கு நின்றது,
சட்டிக்கு அடியில் ஒன்றுமில்லை.

ஜூன் பிறந்து நாலாம் நாள்
பச்சையாய் ஒரு முனை.
நுனியில்லை அதற்கு,
யாரோ கத்தரித்த காகிதம்போல் மழுங்கியிருந்தது.
நம்பலாமா?
ஆசைப்பட்ட கண்ணுக்கு
எல்லாமே வளர்ந்ததாகத்தான் தெரியும்.
பென்சில் எடுத்து
குருத்தையும் ஒட்டிய மட்டையையும் சேர்த்து
ஒரே கோடாய் இழுத்தேன்.

ஐந்தாம் நாள் விடிகாலை
குனிந்து பார்க்கிறேன்.
கோடு இரண்டாய்ப் பிரிந்திருக்கிறது,
குருத்தின் பாதி
நான்கு மில்லிமீட்டர் மேலே.
அதற்குக் கீழே இன்னொரு கோடு,
நீல மையில்,
நான் போடாதது.
அதுவும் விலகியிருக்கிறது.

வேலிக்கு அப்பால் கத்தரிக்கோல் சத்தம் நின்றது.
"என்ன, கடலை எட்டிவிட்டதா?" என்றேன்.
"இன்னும் இல்லை" என்றார் ஜும்பெர்.
"ஆனால் கிளம்பிவிட்டது."